பனம்பழம் விழுந்தது எதனால்? வேதிப்பொருளால் வந்த நோயும் நீதிமன்றம் கேட்கும் கேள்வியும்

சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் ஒரே மேசையைப் பகிர்ந்துகொள்ளும் நால்வரின் பேச்சில் இப்படியொரு வாக்கியம் எப்போதாவது வந்து விழும்: "பத்து வருஷமா அந்தச் சாயம் கரைக்கிற தின்னரைக் கையால தொட்டுக்கிட்டு இருந்தாரு, அதான் இந்த நோய். கேஸ் போட்டா கம்பெனி கொடுத்துத்தான் ஆகணும்." எதிரில் இருப்பவர் உடனே, "பெரிய கம்பெனிகிட்ட ஒண்ணும் நடக்காதுண்ணே" என்பார். இரண்டு கூற்றுகளும் எதிரெதிராகத் தோன்றினாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. தீங்கான பொருள் இருந்தது, நோய் வந்தது, ஆகவே வழக்கு முடிந்தது என்று முதலாமவர் எண்ணுகிறார். இத்தகைய வழக்குகள் தோற்பதற்குப் பணபலம் மட்டுமே காரணம் என்று இரண்டாமவர் எண்ணுகிறார். முதலாமவர் போகிற போக்கில் சொல்லிவிடும் அந்த "ஆகவே"தான் நீதிமன்றத்தில் பல மாதங்கள் வாதிடப்படும் பொருள். அதை மெய்ப்பிக்க முடியாமல் தோற்ற வழக்குகளில் ஏழையும் உண்டு, பணக்காரரும் உண்டு.

சட்டமோ மருத்துவமோ படித்திராத வாசகருக்கு அந்த ஒரு சொல்லை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். குறிப்பிட்ட வழக்கு ஒன்றைக் கையில் வைத்திருப்பவருக்கு இது வழக்கறிஞரின் ஆலோசனைக்கு ஈடாகாது.

## காக்கையும் பழமும்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்கிறோம். காக்கை உட்கார்ந்தது உண்மை, பழம் விழுந்தது உண்மை, ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததும் உண்மை. ஆனால் பழம் முதிர்ந்து காம்பு இற்றுப்போய் நின்றிருக்கலாம். காக்கை வந்த அதே நொடியில் காற்றும் அடித்திருக்கலாம். பழமொழியை நாம் எப்போதும் காக்கைக்குச் சாதகமாகவே பயன்படுத்துகிறோம். சில நாள்களில் காக்கையே தள்ளிவிட்டிருக்கும் என்பதை மறந்துவிடுகிறோம். அந்த நாள்களை மற்ற நாள்களிலிருந்து பிரித்தறிய என்ன சான்று வேண்டும் என்பதே சட்டத்தின் கவலை.

நம் வீட்டுக்கு அருகிலேயே ஒரு சூழலைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு குடும்பம் 2015 செப்டம்பரில் தன் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குப் புதிதாகச் சாயம் பூசுகிறது. கட்டைப்பலகை அலமாரி ஒன்றும் வந்து இறங்குகிறது. ஒரு வாரத்தில் குழந்தைக்கு மூச்சு இழுப்பு வருகிறது. சாயத்தின் நெடி இன்னும் வீட்டில் இருக்கிறது, ஆகவே சாயம்தான் என்று தாய் உறுதியாக நம்புகிறார். ஆனால் அதே மாதத்தில் சுமத்ராவிலிருந்து வந்த புகைமூட்டம் தீவையே மூடியிருந்தது. காற்றுத்தூய்மைக்கேட்டுக் குறியீடு 300ஐத் தாண்டியதால் செப்டம்பர் 25ஆம் தேதி தொடக்கநிலை, உயர்நிலைப் பள்ளிகள் மூடப்பட்டன. அலமாரிப் பலகையின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கசிந்திருக்கலாம். பாலர்பள்ளியில் சளி தொற்றியிருக்கலாம். தாய் சொல்வது பொய் என்று இங்கு யாரும் சொல்லவில்லை. அவர் கண்டது வரிசையை மட்டுமே. நீதிமன்றம் கேட்பது தொடர்பை.

## நான்கு படிகள்

பொருளால் தீங்கு நேர்ந்தால், தவறு இருந்ததா இல்லையா என்று பாராமல் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்கும் தனிச்சட்டம் சிங்கப்பூரில் இல்லை. கடையில் தானே வாங்கியவர் விற்பனை ஒப்பந்தத்தை முன்வைத்துக் கடைக்காரரிடம் கேட்கலாம். தயாரிப்பாளரையோ இறக்குமதியாளரையோ முதலாளியையோ நோக்கிப் போகிறவருக்கு வழக்கமான பாதை, கவனக்குறைவு வழக்கு. ஒருவர் எடுத்திருக்க வேண்டிய நியாயமான கவனத்தை எடுக்கத் தவறியதால் இன்னொருவருக்கு நேர்ந்த தீங்குக்கு இழப்பீடு கோருவதே அது.

அதில் நான்கு படிகள் உண்டு. எதிராளிக்கு நம்மைக் குறித்துக் கவனம் எடுக்கும் கடமை இருந்திருக்க வேண்டும். அவர் அந்தக் கடமையை மீறியிருக்க வேண்டும். அந்த மீறல் தீங்கை விளைவித்திருக்க வேண்டும். விளைந்த தீங்கு, முன்கூட்டி எண்ணிப்பார்க்கக்கூடிய வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். கடமை எப்போது எழும் என்பதைச் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007ஆம் ஆண்டின் ஸ்பாண்டெக் தீர்ப்பில் வகுத்துத் தந்தது. வேதிப்பொருள் தயாரிப்பவருக்கு அதைப் புழங்குகிறவர்மீது கடமை உண்டு என்பதில் இன்று பெரிய சண்டை எழுவதில்லை. சண்டை மூன்றாம் படியில்தான். அதற்குக் காரணத் தொடர்பு என்று பெயர்.

நுகர்வோர் வழக்குகளுக்கெல்லாம் தாயாகக் கருதப்படும் 1932ஆம் ஆண்டின் டோனஹியூ வழக்கில்கூட இந்த மூன்றாம் படி ஏறப்படவே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் இஞ்சிப் பானப் புட்டிக்குள் இருந்த நத்தையால் நோயுற்றதாக ஒரு பெண் தொடுத்த வழக்கு அது. அவர் சொல்வது உண்மை என்றால் தயாரிப்பாளருக்குக் கடமை உண்டா என்ற சட்டக் கேள்விக்கு மட்டுமே, அந்நாளில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இயங்கிய பிரபுக்கள் அவை விடையளித்தது. பிறகு வழக்கு சமரசமாக முடிந்துவிட்டதால், புட்டிக்குள் நத்தை இருந்ததா, அதனால்தான் அவருக்கு நோய் வந்ததா என்பவை மெய்ப்பிக்கப்படாமலே போயின.

## "இல்லாதிருந்தால்" என்ற சோதனை

காரணத் தொடர்பைச் சோதிக்க நீதிமன்றம் ஒரு கற்பனைக் கேள்வியைக் கேட்கிறது: எதிராளியின் தவறு மட்டும் இல்லாதிருந்தால், இந்தத் தீங்கு நேர்ந்திருக்குமா? நேர்ந்திருக்காது என்றால் தொடர்பு உண்டு. எப்படியும் நேர்ந்திருக்கும் என்றால் தொடர்பு இல்லை. சிங்கப்பூரில் உண்மைக் காரணத்துக்கு அடிப்படை அளவுகோல் இதுவே என்பதை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007இல் சன்னி மெட்டல் வழக்கில் எடுத்துரைத்தது.

இச்சோதனை எவ்வளவு கடுமையானது என்பதை லண்டனில் நடந்த ஒரு சம்பவம் காட்டும். 1966ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளின் அதிகாலையில் இரவுக் காவலர்கள் மூவர் தேநீர் குடித்துவிட்டு வாந்தி எடுத்தபடி மருத்துவமனைக்குப் போனார்கள். பணியிலிருந்த மருத்துவர் அவர்களைப் பார்க்கவே இல்லை. வீட்டுக்குப் போய்ச் சொந்த மருத்துவரை அழைக்குமாறு தொலைபேசியில் சொல்லி அனுப்பிவிட்டார். தேநீரில் ஆர்சனிக் கலந்திருந்தது. காவலர்களில் ஒருவர் அன்று பிற்பகலிலேயே இறந்தார். மருத்துவர் கடமை தவறினார் என்று நீதிமன்றம் தயங்காமல் சொன்னது. ஆயினும் இறந்தவரின் மனைவி தொடுத்த வழக்கு தோற்றது. உடனே படுக்கையில் சேர்த்திருந்தாலும் நஞ்சை இனங்கண்டு மாற்று மருந்தைச் செலுத்துவதற்குள் அவர் இறந்திருப்பார் என்பது சான்றுகளிலிருந்து தெரிந்தது.

படிக்கும்போது மனம் ஒப்பாத முடிவுதான். ஆனால் இதற்குள் இருக்கும் ஒரு நுட்பத்தையே உணவங்காடிப் பேச்சு முழுவதும் தவறவிடுகிறது. சட்டம் கேட்பது "இந்தப் பொருள் நோயைத் தந்ததா?" என்று மட்டுமன்று, "எதிராளியின் தவறு நோயைத் தந்ததா?" என்றே கேட்கிறது. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஒன்றல்ல.

துப்புரவுத் திரவம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காற்றோட்டம் இல்லாத இடத்தில் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை அதன் புட்டியில் அச்சிடப்படவில்லை. அதுவே தயாரிப்பாளரின் தவறு. புழங்கியவரின் மூச்சுக்குழாய் அந்தத் திரவத்தால்தான் புண்பட்டது என்பதை மருத்துவர்கள் ஐயமற உறுதிசெய்கிறார்கள். ஆனால் குறுக்கு விசாரணையில், அவர் வாங்கிய எந்தப் புட்டியின் விவரச்சீட்டையும் வாழ்நாளில் படித்ததில்லை என்று ஒப்புக்கொள்கிறார். இப்போது நிலைமை என்ன? பொருளுக்கும் நோய்க்கும் இடையிலான கண்ணி உறுதியாக இருக்கிறது. தவறுக்கும் நோய்க்கும் இடையிலான கண்ணி அறுந்துவிட்டது. எச்சரிக்கை அச்சாகியிருந்தாலும் அவர் அதைப் படித்திருக்கப் போவதில்லை.

சுருங்கச் சொன்னால், வாதி, அதாவது வழக்குத் தொடுப்பவர், இரண்டு கண்ணிகளை இணைக்க வேண்டும்: தவறிலிருந்து அவர் உடலில் வேதிப்பொருள் சேர்ந்தது வரை ஒன்று, அது சேர்ந்ததிலிருந்து நோய் வரை இன்னொன்று.

## எவ்வளவு உறுதி போதும்?

குற்றவியல் வழக்கில் நியாயமான ஐயத்துக்கு இடமில்லாமல் மெய்ப்பிக்க வேண்டும். இழப்பீட்டு வழக்கில் அவ்வளவு தேவையில்லை. நடந்திருக்காது என்பதைவிட நடந்திருக்கும் என்பதற்குச் சற்றே கூடுதல் வாய்ப்பு இருந்தால் போதும். இதை நிகழ்தகவுச் சமநிலை என்பார்கள். தராசுத் தட்டு ஒரு மிளகின் எடைக்குச் சாய்ந்தாலும் சாய்ந்ததே. ஆனால் தட்டைச் சாய்க்கும் பொறுப்பு வாதியுடையது. இரண்டு தட்டும் சமமாக நின்றால் அவர் தோற்பார்.

அறிவியல் ஆய்வாளர்களின் வழக்கம் வேறு. தொடர்பே இல்லாதபோதும் இப்படியொரு முடிவு தற்செயலாக வந்திருக்கும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்று காட்டிய பிறகே, கவனிக்கத்தக்க முடிவு என்று அவர்கள் பேசத் தொடங்குவார்கள். ஆகவே "அறிவியல் இன்னும் உறுதிப்படுத்தவில்லை" என்று ஆய்வாளர் சொல்லும் அதே சான்றை வைத்துக்கொண்டு, "இது நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்" என்று நீதிபதி தீர்ப்பளிப்பதில் முரண்பாடு இல்லை.

இதற்கு நேர் எதிர்த்திசையில் இன்னொரு மயக்கம் உண்டு. அரசாங்கம் ஒரு பொருளைத் தடைசெய்தால், அதனால்தான் எனக்கு நோய் வந்தது என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். ஃபார்மால்டிஹைடு கலந்த உட்புறச் சுவர்ச்சாயங்களுக்குச் சிங்கப்பூர் 2026 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. தடை என்பது வருமுன் காக்கும் ஏற்பாடு; அதற்கு ஆபத்து இருக்கக்கூடும் என்ற அளவே போதும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் பட்டியல்களும் அப்படித்தான். அதன் முதல் பிரிவில் புகையிலையும் இருக்கிறது, பதப்படுத்திய இறைச்சியும் இருக்கிறது. இரண்டும் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கான சான்று வலுவானது என்பதே அதன் பொருள். இரண்டும் ஒரே அளவு கெடுதி என்று அந்தப் பட்டியல் சொல்லவில்லை. ஒரு குறிப்பிட்ட மனிதருடைய நோய்க்கு எது காரணம் என்பதைப் பற்றியும் அது ஒன்றும் சொல்வதில்லை.

## உண்டாக்கக்கூடியதா, உண்டாக்கியதா?

இனி மையமான இடத்துக்கு வருகிறோம். நோய்க்கும் பொருளுக்கும் இடையிலான கண்ணிக்குள் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. இந்தப் பொருள் இந்த நோயை மனிதர்களுக்கு உண்டாக்கக்கூடியதா என்பது முதல் கேள்வி. இதைப் பொதுக் காரணத்தன்மை என்று அழைக்கலாம். உண்டாக்கக்கூடியது என்றால், இந்த மனிதருக்கு இந்த முறை உண்டாக்கியது அதுதானா என்பது இரண்டாவது; இது தனிக் காரணத்தன்மை. முதலாவதற்கு விடை கிடைக்காதவருக்கு இரண்டாவதைக் கேட்கும் தகுதியே வருவதில்லை.

கல்யாண விருந்துக்குப் போய்வந்த நாற்பது பேரில் பன்னிரண்டு பேருக்கு வயிறு கலங்கினால் வீட்டுப் பெரியவர் என்ன செய்வார்? இறால் சாப்பிட்டவர் யார், சாப்பிடாதவர் யார் என்று கைபேசியில் ஒவ்வொருவரிடமும் கேட்பார். கலங்கிய பன்னிரண்டு பேரும் இறால் சாப்பிட்டவர்கள், சாப்பிடாதவர் எல்லாரும் நலம் என்றால் அவருக்கு விடை கிடைத்துவிடும். இதையே பெரிய அளவில், கணக்கோடும் ஒழுங்கோடும் செய்வதற்கு நோய்ப்பரவலியல் என்று பெயர்.

தென்கொரியாவில் நடந்தது அதற்குத் துயரமான எடுத்துக்காட்டு. குளிர்காலத்தில் அறைக்காற்றை ஈரமாக்கும் கருவியின் தண்ணீரில் கலக்கும் கிருமிநாசினிகள் அங்கே 1990களிலிருந்து விற்கப்பட்டன. 2011இல் சோல் மருத்துவமனை ஒன்றில் கருவுற்ற பெண்களும் பிள்ளை பெற்ற பெண்களும் காரணம் புரியாத கடும் நுரையீரல் நோயோடு வந்து சேர்ந்தார்கள். அவர்களையும், அந்த நோய் இல்லாத மற்ற நோயாளிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது கிருமிநாசினி பக்கம் விரல் நீண்டது. அது விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டதும் அத்தகைய புதிய நோயாளிகள் வருவது நின்றது. பொருளை நீக்கினால் நோயும் நீங்குகிறது என்பது பொதுக் காரணத்தன்மைக்கு மிக வலுவான சான்று. ஆனால் எல்லா நிறுவனங்களின் கிருமிநாசினியிலும் ஒரே வேதிப்பொருள் இருக்கவில்லை. வேறு வகை மூலப்பொருளைப் பயன்படுத்திய நிறுவனங்களின் முன்னாள் தலைவர்களை, காரணத் தொடர்பு மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி 2021இல் முதல்நிலைக் குற்றவியல் நீதிமன்றம் விடுவித்தது. அந்த வழக்கு பின்னர் மேல்நீதிமன்றங்களில் பல திருப்பங்களைக் கண்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே கிருமிநாசினி. வழக்கில் ஒவ்வொரு வேதிப்பொருளும் தனித்தனிப் பிரதிவாதி போலத்தான்.

நம் ஊரிலும் ஒன்று நடந்தது. 2006ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், கான்டாக்ட் லென்ஸ் அணிவோரிடையே ஃபியூசேரியம் என்ற பூஞ்சையால் கருவிழித் தொற்று கூடுவதைச் சிங்கப்பூர்க் கண் மருத்துவர்கள் கண்டார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஒரே நிறுவனத்தின் லென்ஸ் திரவத்தைப் பயன்படுத்தியிருந்தார்கள். பிப்ரவரியில் இங்கும் ஹாங்காங்கிலும் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. மே மாதத்தில் ரென்யூ மாய்ஸ்ச்சர்லாக் என்ற அந்தத் திரவம் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்காவில் ஃபியூசேரியம் தொற்றுக்கு ஆளானோரின் கோரிக்கைகளை நிறுவனம் சமரசமாகத் தீர்த்தது. அதே திரவத்தைப் பயன்படுத்தி வேறு கிருமிகளால் கண் பாதிக்கப்பட்டவர்களும் வழக்காடினார்கள். அந்தக் கிருமிகளுக்கும் திரவத்துக்கும் தொடர்பு உண்டு என்று சொன்ன வல்லுநர் சாட்சியத்தை நீதிமன்றம் 2009இல் ஏற்க மறுத்தது. திரவம் அதே திரவம், பாதிக்கப்பட்ட உறுப்பும் அதே உறுப்பு. முதல் கேள்விக்கு விடை இல்லாததால் அவர்கள் இரண்டாவது கேள்விக்குப் போகவே முடியவில்லை.

சில நோய்களுக்கு மட்டும் இந்த இரண்டு கேள்விகளும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். 1974இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில், வினைல் குளோரைடு வாயுவிலிருந்து நெகிழி தயாரித்த ஒரே ஆலையின் தொழிலாளர் மூவர் கல்லீரல் இரத்தக்குழாய்ப் புற்றுநோயால் இறந்தது வெளிப்பட்டது. வாழ்நாளில் ஒரு நோயாளியைக்கூட மருத்துவர் காணாத அளவுக்கு அரிதான புற்றுநோய் அது. ஒரே ஆலையில் மூன்று என்றால் தற்செயல் என்று சொல்ல வழியில்லை. ஆஸ்பெஸ்டாஸ் தூசியோடு பிணைந்த மீசோதீலியோமா என்ற நுரையீரல் உறைப் புற்றுநோயும் இவ்வகையே. பொருளின் முத்திரையைத் தாங்கி வருவதால் இவற்றை முத்திரை நோய்கள் எனலாம். நுரையீரல் புற்றுநோயும் தோல் அரிப்பும் ஆஸ்துமாவும் அப்படியல்ல. அவற்றுக்குப் பல தாய்கள் உண்டு.

## அளவும் காலமும்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதைத் திருப்பிப் போட்டால், அளவு குறைந்தால் நஞ்சும் தீங்கற்றதாகலாம். ஆகவே எவ்வளவு, எவ்வளவு நேரம், எந்த வழியாக உடலுக்குள் சென்றது என்பதை வாதி காட்ட வேண்டும். பெரும்பாலான வாதிகள் தடுமாறும் இடம் இது. பத்தாண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையின் காற்றில் என்ன இருந்தது என்பதை யாரும் அளந்து வைப்பதில்லை. காலமும் பொருந்த வேண்டும். அரிப்பு சில நாள்களில் வரும். மீசோதீலியோமா பெரும்பாலும் இருபது முதல் நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரே தலைகாட்டும். பொருள் உடலில் சேர்வதற்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடைப்பட்ட இந்தக் காலத்தை மறைகாலம் என்பார்கள்.

## எண்கள் சொல்வதும் சொல்லாததும்

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு கரைப்பானைத் தொடாத ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு ஒரு நோய் வருகிறது. அதைப் புழங்கும் ஆயிரம் பேரில் இருபத்தைந்து பேருக்கு வருகிறது. அந்த இருபத்தைந்தில் பத்து எப்படியும் வந்திருக்கும், மீதிப் பதினைந்து கரைப்பானால் வந்தவை என்று கொண்டால், நோயுற்ற ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் அவருடைய நோய் கரைப்பானால் வந்திருக்க 60 விழுக்காடு வாய்ப்பு. தராசு சாய்கிறது. இருபத்தைந்துக்குப் பதில் பதினைந்து பேர் என்றால், பதினைந்தில் ஐந்துதான் கரைப்பானால் வந்தவை. வாய்ப்பு 33 விழுக்காடு. தராசு சாயவில்லை. இதனால்தான், ஆபத்து இருமடங்குக்கு மேல் கூடியதா என்று வழக்கறிஞர்கள் அடிக்கடி கேட்கிறார்கள்.

இந்தக் கணக்கை மட்டும் நம்பினால் விபரீதமான ஒரு முடிவுக்கு வந்து சேர்வோம். இரண்டாம் கூட்டத்தில் அந்த ஐந்து பேர் உண்மையிலேயே கரைப்பானால் நோயுற்றார்கள். ஆனால் பதினைந்து பேரில் யார் அந்த ஐவர் என்று தெரியாததால் பதினைந்து பேருமே தோற்பார்கள். முதல் கூட்டத்திலோ, கரைப்பானுக்குத் தொடர்பே இல்லாத பத்துப் பேரும் சேர்ந்து வெல்வார்கள். கூட்டத்தைப் பற்றிய எண், ஒரு மனிதரைப் பற்றிய சான்றாக முழுமையாக மாறுவதில்லை என்று நீதிபதிகள் எச்சரிப்பது இதனால்தான். மருத்துவப் பதிவு, குடும்ப நோய் வரலாறு, புகைபிடிக்கும் பழக்கம், மற்ற காரணங்களைப் பரிசோதனைகள் எப்படி விலக்கின என்பன எல்லாம் சேர்ந்தே அந்த ஒருவரை நீதிமன்றத்தின் கண்முன் நிறுத்துகின்றன.

இதுவரை பார்த்தவற்றின் சாரம் இது: பொருள் இந்நோயைத் தரக்கூடியது என்று ஆய்வுகள் காட்ட வேண்டும், அளவும் காலமும் ஒத்துவர வேண்டும், மற்றக் காரணங்கள் விலக்கப்பட வேண்டும், எல்லாம் சேர்ந்து தராசைச் சாய்த்தால் போதும்.

## சிங்கப்பூரில் வென்ற ஒரு வழக்கு

இவை ஒன்றுகூடியதைக் காண ஸ்லிம் 10 வழக்கைவிடத் தெளிவான உள்ளூர் எடுத்துக்காட்டு இல்லை. 2002ஆம் ஆண்டில் நடிகை ஆண்ட்ரியா டி குரூஸ், உடல் மெலிய ஸ்லிம் 10 என்ற மாத்திரையை உட்கொண்டபின் கல்லீரல் செயலிழந்து, அப்போது அவருடைய காதலராக இருந்த நடிகர் பியர் பிங் தம் கல்லீரலின் ஒரு பகுதியைத் தந்ததால் உயிர்பிழைத்தார். மூலிகைத் தயாரிப்பு என்று விற்கப்பட்ட மாத்திரையில், விவரச்சீட்டில் குறிப்பிடப்படாத நைட்ரோசோ ஃபென்ஃபுளுரமின் என்ற வேதிப்பொருள் இருந்தது தெரியவந்தது. அதே பொருள் கலந்த மெலிவு மாத்திரைகளை உட்கொண்ட பலருக்கு ஜப்பானிலும் அதே ஆண்டில் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டது.

மாத்திரைதான் காரணமா என்பது வழக்கில் கடுமையாக வாதிடப்பட்டது. அந்த வேதிப்பொருள் கல்லீரலை எந்தப் படிமுறையில் அழிக்கிறது என்பது பாடநூலில் ஏறியிராத காலம் அது. வல்லுநர் சாட்சியங்களை எடைபோட்ட உயர் நீதிமன்றம் 2003இல் இறக்குமதி, விநியோகத் தரப்பினர் பொறுப்பாவர் என்று தீர்ப்பளித்தது. 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நடிகையின் பக்கமே நின்றது. காக்கை எந்தச் சிறகால் காம்பைத் தட்டியது என்று சொல்ல முடியாவிட்டாலும், தட்டியது காக்கையே என்று சொல்லப் போதுமான சான்று இருக்க முடியும்.

அந்த வழக்கில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாத்திரையை அவருக்கு வாங்கித் தந்த சக நடிகர்மீதும் வழக்கு இருந்தது. மாத்திரை அவர் கைவழியாகத்தான் வந்தது. அவர் தந்திராவிட்டால் அந்த மாத்திரை நடிகையிடம் சேர்ந்திருக்காது. இருந்தும் அவர்மீதான வழக்கு தள்ளுபடியானது. சங்கிலியில் ஒரு கண்ணியாக இருப்பதும் கவனக்குறைவாக நடப்பதும் வெவ்வேறு. லண்டன் மருத்துவரிடம் தவறு இருந்தது, தொடர்பு இல்லை. இவரிடம் தொடர்பு இருந்தது, தவறு இல்லை.

வல்லுநர்களைப் பற்றி ஒரு சொல். 2022 ஏப்ரலில் நடப்புக்கு வந்த நீதிமன்ற விதிகளின்படி, வல்லுநரின் கடமை முதலில் நீதிமன்றத்துக்கே. கூலி கொடுப்பவருக்கு அதற்குப் பிறகுதான். முடிந்தவரை இரு தரப்பும் சேர்ந்து ஒரே வல்லுநரை நியமிக்கவும் அவ்விதிகள் வழிசெய்கின்றன.

## யாருடைய தூசி?

"இல்லாதிருந்தால்" சோதனை திணறும் இடங்களும் உண்டு. ஸ்காட்லாந்தின் எஃகு வார்ப்பாலை ஒன்றில் வேலை செய்த ஒருவருக்குச் சிலிக்கா தூசியால் நுரையீரல் கெட்டது. தூசி இரண்டு வகைக் கருவிகளிலிருந்து வந்தது. ஒன்றின் தூசியைத் தடுக்க அப்போது வழியே இருக்கவில்லை; மற்றொன்றின் தூசியை உறிஞ்சும் அமைப்பைச் சரியாகப் பராமரிக்காதது முதலாளியின் தவறு. தவறால் வந்த தூசி மட்டும் இல்லாதிருந்தால் நோய் வந்திருக்காது என்று அவரால் சொல்ல முடியவில்லை. அது புறக்கணிக்கத்தக்க அளவைத் தாண்டிப் பங்களித்திருந்தால் போதும் என்று 1956இல் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. இதற்குக் கணிசமான பங்களிப்பு என்று பெயர்.

1972இல் இன்னும் ஒரு படி முன்னேற்றம். செங்கல் சூளையில் வியர்வையும் தூசியும் படிந்த ஒருவர், குளிப்பதற்கு வசதி செய்து தரப்படாததால் அப்படியே மிதிவண்டியில் வீடு திரும்பினார்; தோல் அழற்சி வந்தது. குளித்திருந்தால் ஆபத்து குறைந்திருக்கும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள், நோய் தடுக்கப்பட்டிருக்கும் என்று சொல்ல அவர்களால் இயலவில்லை. அவர் வென்றார். 2002இல் ஃபேர்சைல்டு வழக்கில், பல முதலாளிகளிடம் ஆஸ்பெஸ்டாஸ் தூசியைச் சுவாசித்து மீசோதீலியோமா கண்டவர்கள், எந்த முதலாளியின் இழை நோயைத் தொடங்கியது என்று காட்ட முடியாவிட்டாலும் வெல்லலாம் என்று அதே அவை சொன்னது.

இந்தத் தளர்வை எல்லாருக்கும் உரியதாக எண்ணிவிடக் கூடாது. 1988ஆம் ஆண்டின் வில்ஷர் வழக்கில், குறைமாதக் குழந்தையின் பார்வை போனதற்கு ஐந்து காரணங்கள் இருந்திருக்கலாம். அவற்றுள் மருத்துவமனையின் தவறால் கூடிய ஆக்சிஜன் ஒன்று. ஐந்தில் ஒன்றைச் சேர்த்துவிட்டதாலேயே அதுதான் காரணம் என்று ஊகிக்க முடியாது என்றது அவை. வேறுபாடு இதுதான்: வார்ப்பாலையில் ஒரே தூசி இரண்டு வழியாக வந்து நுரையீரலில் கூடிச் சேர்ந்தது, குழந்தையின் வழக்கில் ஐந்து வெவ்வேறு காரணங்கள் தனித்தனியே நின்றன. நம் வீவக வீட்டுக் குழந்தையின் நிலை இரண்டாவதற்கே நெருங்கியது. மேலும் இவை பிரிட்டனின் தீர்ப்புகள். சிங்கப்பூர் நீதிபதிகள் இவற்றை மதிப்போடு படிப்பார்கள். கட்டுப்பட வேண்டியவர்கள் அல்லர்.

## வேலையிடத்தில் வந்த நோய்

கப்பல்பட்டறையிலோ சாயப் பட்டறையிலோ வேலை செய்கிறவர்களுக்கு இந்த நீண்ட பாதையைத் தவிர இன்னொரு வாசலும் உண்டு. 2020 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 2019ஆம் ஆண்டு வேலைக்காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் முதலாளியின் தவறை மெய்ப்பிக்கத் தேவையில்லை. பென்சீன், ஈயம் போன்றவற்றின் நச்சுப் பாதிப்பு, சிலிக்கா, ஆஸ்பெஸ்டாஸ் நோய்கள் உள்ளிட்ட தொழில்சார் நோய்களின் பட்டியல் சட்டத்திலேயே இருக்கிறது. அந்த நோய் உரிய வகை வேலையைச் செய்தவருக்கு வந்தால், தொடர்பைத் தேடி ஆய்வகங்களுக்கு அலைய வேண்டியதில்லை. தொகைக்கு உச்சவரம்பு உண்டு. இந்த வழியையும் நீதிமன்ற வழக்கையும் ஒருசேரப் பெற முடியாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளிநாட்டு ஊழியர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் இல்லப் பணிப்பெண்கள் இச்சட்டத்துக்குள் வருவதில்லை.

## புட்டியும் நாள்காட்டியும்

கோபத்தில் முதலில் குப்பைத்தொட்டிக்குப் போவது மிச்சமிருக்கும் புட்டிதான். அதைத் தூக்கிப்போட்டவர், உள்ளே என்ன இருந்தது என்பதற்கான ஒரே நேரடிச் சான்றைத் தூக்கிப்போட்டுவிடுகிறார். தொகுதி எண்ணோடு புட்டி, வாங்கிய ரசீது, எந்த நாளில் எவ்வளவு நேரம் புழங்கினோம் என்ற குறிப்பு, பலதுறை மருந்தகத்துக்கு முதன்முதலில் போன நாளில் மருத்துவரிடம் என்ன சொன்னோம் என்ற பதிவு ஆகியவை பின்னாளில் எந்த வல்லுநராலும் செய்து தர முடியாதவை. முதல் நாளே "புதுச் சாயம் பூசிய அறையில் படுத்தேன்" என்று மருத்துவரிடம் சொல்லியிருந்தால், வழக்கு நினைப்பு வருவதற்கு முந்தைய வாக்குமூலமாக அதற்குத் தனி எடை உண்டு.

காலக்கெடுவும் ஓடிக்கொண்டிருக்கும். உடல்தீங்கு குறித்த கவனக்குறைவு வழக்கை, தீங்கு நேர்ந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் தொடுக்க வேண்டும் என்கிறது சிங்கப்பூரின் காலவரம்புச் சட்டம். நோய் மறைந்திருந்து வெளிப்பட்டால், தீங்கையும் அதற்குப் பொறுப்பானவர் யார் என்பதையும் நியாயமாக அறிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து அந்த மூன்றாண்டுகள் எண்ணப்படும். ஆனால் அதற்கும் மேல் ஓர் எல்லை இருக்கிறது: கவனக்குறைவான செயல் நடந்த நாளிலிருந்து பதினைந்து ஆண்டுகள். மீசோதீலியோமாவின் மறைகாலம் இருபது ஆண்டுகளில்தான் தொடங்குகிறது என்பதை நினைவில் வைத்து இந்த எண்ணைப் படித்தால், சிங்கப்பூர்க் கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் தடைசெய்யப்பட்ட 1989க்கு முன் அதைக் கையாண்ட ஒருவருக்கு இன்று நோய் கண்டால், காரணத் தொடர்பைப் பற்றிய கேள்வி எழுவதற்கு முன்பே நீதிமன்றக் கதவு மூடியிருக்கும்.